480 நாளும் 21 நாளும்

ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான ஊக்கப் பேச்சு, தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி வகுப்பு, கம்பெனி பஸ்ஸில் கைப்பேசியில் ஓடும் ரீல்ஸ் என்று எங்கே பார்த்தாலும் பாடம் ஒன்றுதான். இலக்கைத் தாளில் எழுதி வை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழு. 21 நாள் விடாமல் செய், பழக்கமாகிவிடும். அப்புறம் வாழ்க்கை தானாக மாறும். மாறாமல் போனால் உன்னிடம் உறுதி போதவில்லை என்று அர்த்தம். இந்தக் கடைசி வரியை மேடையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாடத்தின் முதுகெலும்பே அதுதான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று விரியும் தொழிற்சாலைப் பகுதியில் இந்த நம்பிக்கை தலைகீழாக நிற்கிறது. ஓரளவு நிலையான வாழ்க்கை அமைந்தவர்களுக்குத்தான் இலக்கும் பழக்கமும் கைகூடுகின்றன. அமைந்த பிறகு அவற்றால்தான் அமைந்தது என்று கதை சொல்கிறோம்.

முதலில் இந்தப் பாடத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவற்றைப் பார்த்துவிடலாம். 1953-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களில் இலக்கை எழுதி வைத்திருந்த 3 சதவீதம் பேர், இருபது ஆண்டுக்குப் பின் மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட அதிகம் வைத்திருந்தார்களாம். அப்படியொரு ஆய்வு நடக்கவே இல்லை. பல்கலைக்கழகமே தேடிப்பார்த்துக் கைவிரித்துவிட்டது. 21 நாள் கணக்கு, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்றார் அவர். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களின் அனுபவம், ஓ.டி. முடித்து அறைக்குத் திரும்புகிறவருக்கும் விதியாகிவிட்டது. உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி குழுவினர். 96 பேரை 12 வாரம் கவனித்து, ஒரு செயல் யோசிக்காமல் வரும் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆகும், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அந்த எண்களைவிட முக்கியமானது ஆய்வின் நிபந்தனை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்றால் தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பின்தான். ஒரே வேளை, ஒரே சூழல்.

அந்த ஒரே வேளைதான் இங்கே கிடையாது. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் இந்த வாரம் காலை ஆறு மணிக்கு லைனில் நிற்பவர் அடுத்த வாரம் மதியம் வருகிறார், அதற்கடுத்த வாரம் இரவு. காஞ்சிபுரத்துக்கு அப்பாலிருந்தோ அரக்கோணம் பக்கமிருந்தோ வருபவருக்கு ஏ ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றாக வேண்டும். புத்தகங்கள் புகழும் அந்த ஐந்து மணிக்கு அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். இரவு வேலையான சி ஷிஃப்ட் வாரத்தில் அதே ஐந்து மணிக்குக் கடைசி ஒரு மணி நேரத்தைத் தள்ள முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார். தூக்கம் அவரவர் ஒழுங்கைப் பொறுத்தது என்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் தூங்கியது ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அறிவுரையும் உபகரணங்களும் கொடுத்து இரவுத் தூக்கத்தை அரைமணி அளவுக்குக் கூட்டியும் வேலைத்திறன் மாறவில்லை. பகலில், வேலையிடத்திலேயே, அமைதியான ஓரிடத்தில் அரைமணி நேரம் தூங்க விட்டபோது வேலைத்திறனும் மனநிலையும் தேறின. இடமும் நேரமும் கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்க முடியாது.

இலக்கு விஷயம் இன்னும் மோசம். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. இந்தப் பகுதி இளைஞர் பலருக்கு இந்த ஓர் எண்ணைத் தாண்டி இலக்கே வேண்டாம். ஆனால் அப்ரென்டிஸ் என்று சேர்த்தால் 1961-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி அவர் தொழிலாளியே அல்ல. ட்ரெயினி, குறித்தகால ஒப்பந்தம், காண்ட்ராக்ட் என்று பெயர் மாறும்போதெல்லாம் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறது. பக்கத்தில் அதே லைனில் அதே ஸ்க்ரூவை முடுக்கும் பர்மனன்ட் ஆபரேட்டர் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கிறார், மாதாமாதம் ஒதுக்கிச் சேமிக்கிறார். இருவருக்கும் நடுவே இருப்பது மன உறுதியின் வித்தியாசமா, அடையாள அட்டையின் வித்தியாசமா? பர்மனன்ட் ஆனாலும் கதை முடிவதில்லை என்பதற்கு நோக்கியா சாட்சி. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கி, ஒரு கட்டத்தில் சுமார் 8,000 பேருக்கு வேலை கொடுத்த ஆலை அது. வரித் தகராறு, சொத்து முடக்கம், கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலையை மட்டும் விட்டுவிட்ட ஒப்பந்தம் என்று வரிசையாக நடந்து 2014 நவம்பர் 1-இல் மூடப்பட்டது. அதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். அவர்களில் யாருடைய ஐந்தாண்டுத் திட்டத்தில் ஓட்டை இருந்தது?

இதற்கு வழக்கமாக வரும் பதில்: சூழல் எப்படியும் இருக்கட்டும், சுயக்கட்டுப்பாடு உள்ளவன் தேறிவிடுவான். மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்த குழந்தைகளே பின்னாளில் முன்னேறினார்கள் என்ற புகழ்பெற்ற சோதனை இதற்குத் துணைக்கு வரும். 2013-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் அதில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். காத்திருந்தால் நல்ல கிரேயான் தருவதாக முதலில் ஒரு வாக்கு. பாதிக் குழந்தைகளுக்குக் கிரேயான் வந்தது. மீதிப் பேரிடம் 'இல்லை, மன்னித்துக்கொள்' என்றார்கள். அதன் பிறகே மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். சொன்னது வராது என்று தெரிந்த பின் காத்திருக்காமல் தின்றுவிட்ட குழந்தையைப் பொறுமையற்றது என்பதா, கணக்குத் தெரிந்தது என்பதா? நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளுக்கு, வெட்டுக்கு முன் காசு முடைப்பட்ட நாட்களிலும், வெட்டி முடித்துப் பணம் வந்த பின்னும் ஒரே வகையான சிந்தனைத் தேர்வுகள் வைத்தார்கள். அதே ஆட்கள் முடையில் மோசமாகவும் பணம் வந்தபின் நன்றாகவும் செய்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், ஆள் மாறாமலே அறிவும் கவனமும் மாறின.

எல்லாவற்றையும் மீறி மேலே வந்தவர்கள் இல்லையா என்பார்கள். இருக்கிறார்கள். அதே உறுதியோடு உழைத்து, 480 நாள் நிறையுமுன் பிரேக் என்று நிறுத்தப்பட்டு ஊருக்குத் திரும்பியவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை என்பதால் அந்தச் சான்று ஒற்றைக் காலில் நிற்கிறது. ஒழுக்கம் இங்கே குறைவே இல்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணம், தன் கல்யாண நகை என்று எண்ணி எண்ணிப் பணம் அனுப்பும் ஹாஸ்டல் பெண்களுக்கு இலக்கைப் பற்றிச் சொல்லித்தர என்ன இருக்கிறது? ஆரோக்கியமாகச் சாப்பிடு என்பது அடுத்த அறிவுரை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் ஹாஸ்டல் ஒன்றின் சாப்பாட்டால் 250-க்கும் மேற்பட்ட பெண்கள் உடல்நலம் கெட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பெண்கள் இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்தை எட்டவில்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது அதன் பிறகுதான். வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட 2024 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

அப்படியானால் தனிமனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா என்று கேட்பவருக்கு, சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தத்தில் நின்றவர்களைக் காட்டலாம். அவர்களுக்கும் ஓர் இலக்கு இருந்தது, அன்றாடம் பந்தலுக்கு வரும் பழக்கமும் இருந்தது. 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவானது. தனித்தனி நோட்டில் எழுதியிருந்தால் அது பதிவாகியிருக்காது. ஊக்கப் பேச்சாளர்களுக்கு உண்மையிலேயே இந்த இளைஞர்கள்மேல் அக்கறை இருந்தால், வகுப்பு முடிந்ததும் எச்.ஆர். அறைக்குப் போய் இரண்டு விஷயம் விசாரிக்கலாம்: ஷிஃப்ட் அட்டவணை எத்தனை நாள் முன்னதாகக் கைக்கு வருகிறது, இந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் 480-ஆம் நாளைப் பார்ப்பார்கள்.