சொதி வைத்த படலம்

சென்ற மாதம் நமது வீட்டில் ஓர் ஆட்சி மாற்றம் நிகழ்ந்தது. இருபத்தெட்டு வருஷ காலமாகச் சமையலறையில் தனியரசு செலுத்தி வந்த நமது இல்லத்தரசியைக் குளிர் ஜுரம் படுக்கையில் தள்ளிவிட்டது. ஜுரம் விட்ட பிறகும் வாய்க் கசப்பு விடவில்லை. கஞ்சியைக் கண்டாலே அவள் முகத்தைத் திருப்பிக் கொண்டாள். ஆகவே இடைக்கால நிர்வாகத்தை நாம் ஏற்க வேண்டியதாயிற்று.

ஜுரம் விட்ட நாலாம் நாள், "உனக்கு எது பிடிக்குமோ சொல், செய்து தருகிறேன்" என்றோம். அவள் சிறிது நேரம் சுவரைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "சொதி" என்றாள்.

அந்த ஒரு சொல் நம்மைத் திடுக்கிட வைத்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சொதி என்பது திருநெல்வேலிச் சீமையின் பெருமை. விவாகம் ஆன மறுநாள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு இடும் விருந்தில் அதுவே தலைமை வகிக்கும். அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்கு ஒரு பெயருண்டு. நாமோ காவிரிக் கரைக்காரர். புளியும் மிளகாயும் சேராத குழம்பை அதுவரை கண்டறியாதவர். நமது மறுநாள் விருந்தில், வெள்ளை வெளேரென்று இலையில் வந்து விழுந்ததைக் கண்டு, "பாயசத்தை ஏன் சோற்றில் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டோம். பந்தி முழுவதும் சிரித்தது. நமது ஹாஸ்யம் பலித்ததென்று நாமும் பூரித்துப் போனோம்.

அன்று முதல் இன்று வரை நமது வீட்டில் ஒரு நாளும் சொதி வைத்ததில்லை. அது ஏன் என்று நாம் ஒரு நாளும் கேட்டதுமில்லை.

இனி, வைத்த கதையைக் கேளுங்கள். கட்டளைகள் படுக்கையறையிலிருந்து வந்தன. சிப்பந்தி வேலை நம்முடையது. முற்றிய தேங்காய் ஒன்றைத் துருவி அரைத்து, நீர் அதிகம் சேர்க்காமல் பிழிந்த முதற் பாலைத் தனியே வைத்தோம். பிறகு வெந்நீர் விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுத்தோம். கால் ஆழாக்குப் பாசிப் பருப்பை இலேசாக வறுத்துக் குழைய வேக வைத்தோம். முருங்கைக்காய் 2, உருளைக்கிழங்கு 2, காரட் 2, பீன்ஸ் 10, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, உரித்த சின்ன வெங்காயம் 15. இவற்றை மூன்றாம் பாலில் வேக விட்டோம். காய் முக்காற்பதம் வெந்ததும், பச்சை மிளகாய் ஐந்தாறும் துண்டு இஞ்சியும் அரைத்த விழுது, பருப்பு, உப்பு, இரண்டாம் பால் ஆகியவற்றைச் சேர்த்தோம்.

"மஞ்சள் பொடி எங்கே?" என்று கேட்டோம்.

"மஞ்சள் போட்டால் அது ஈழத்துச் சொதி, இடியாப்பத்துக்கு ஆகும். எங்கள் ஊரில் போட மாட்டார்கள்" என்று பதில் வந்தது.

சொதி பழைமையான பதார்த்தம் என்று பேசுகிறோமே, அதிலுள்ள காய்களைச் சற்று விசாரித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு, பீன்ஸ், மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. மலைக் காய்கறிகள் நீலகிரியில் பயிரானது, 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் அங்கே குடியேறிய பிறகுதான். முருங்கையும் தேங்காயும் இஞ்சியுமே நமக்கு நெடுநாளைய உறவினர். வந்தவர்களையெல்லாம் ஒரு பாத்திரத்தில் சேர்த்து, யாருடைய ருசியும் கெடாமல் குடித்தனம் நடத்த வைத்திருக்கிறார்கள் திருநெல்வேலிப் பெண்மணிகள். ஒரு புது ருசி வந்தபோது நாம் செய்ததோ பரிகாசம்.

"முதற் பாலை விட்டதும் இறக்கிவிடுங்கள், கொதிக்கக் கூடாது" என்று உள்ளேயிருந்து எச்சரிக்கை வந்தது. அச்சமயம் நாம் தாளிப்பதற்காகக் கடுகைத் தேடிக் கொண்டிருந்தோம். இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கும் வீட்டில் கடுகு டப்பா எங்கே என்று தெரியவில்லை! திரும்பிப் பார்க்கையில் சொதி தளதளவென்று கொதித்துக் கொண்டிருந்தது. தேங்காய்ப் பாலில் எண்ணெயையும் நீரையும் பிணைத்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். சூடு மிஞ்சினால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். எலுமிச்சம் பழத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டுமென்பதும் அதனால்தான். நாம் அதையும் அடுப்பின் மேலேயே பிழிந்து வைத்தோம். சொதி திரித்திரியாகப் பிரிந்தது.

வேறு வழியின்றிக் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, தேங்காய்ப் பால் ஜீரணமாவதற்காக இஞ்சிப் பச்சடியும் வைத்து, தட்டை அவள் முன்னே கொண்டு போனோம். எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் உண்டாள். "உப்புக் குறைவு" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். நோய் கண்ட பிறகு அவள் மறு சோறு கேட்டது அன்றுதான்.

தைரியம் பெற்று, "இத்தனை வருஷமாக ஏன் இதை நீ வைக்கவே இல்லை?" என்று கேட்டோம்.

"நாள் கிழமைகளில் பாயசம்தான் வைத்து வந்தேனே; இரண்டும் எதற்கென்று விட்டுவிட்டேன்" என்றாள், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

பந்தியில் சிரித்தவர்கள் அன்று மாலையே அதை மறந்திருப்பார்கள். நாமும் மறந்தோம். ஊரைப் பிரிந்து, தெரியாத வீட்டுக்கு வந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் மறக்கவில்லை.

நேயர்களில் குடும்பஸ்தர்களாக உள்ளவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று இராச் சாப்பாட்டின்போது, உங்கள் வீட்டு அம்மாளுக்குப் பிடித்த பதார்த்தம் எதுவென்று கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சிறிது தாமதமானால் பொறுத்திருங்கள். கடுகு டப்பா இருக்குமிடத்தையும் அப்படியே தெரிந்து வைத்துக் கொள்வது நலம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நமது வீட்டில் மறுபடியும் சொதி. இம்முறை முதற் பாலை விட்டதும் நாம் அடுப்பண்டையை விட்டு நகர்வதாக இல்லை.