டயர் இரைச்சலை எங்கே அடக்குவது?



கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நெடுஞ்சாலை வழியே போயிருக்கிறீர்களா? ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம். நடுவில் சூளகிரியில் இறங்கி, சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நின்று, கண்களை மூடிக்கொண்டு காதுகளுக்கு மட்டும் வேலை கொடுத்துப் பாருங்கள். கருங்கல் பாளம் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போகும். பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அதை முந்தும். பிறகு, எஞ்சின் ஓசை அவ்வளவாகத் தெரியாமல், 'ஊம்ம்ம்' என்று ஒரே சுருதியில் ஊளையிட்டபடி ஏதோ ஒன்று நெருங்கி வரும். கண்ணைத் திறந்தால், பெரிய பெரிய பட்டன்கள் உள்ள டயர்களைப் பூட்டிய ஜீப் வகை வண்டி ஒன்று உங்களைக் கடந்து பெங்களூர் நோக்கிப் பறந்துகொண்டிருக்கும்.

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் வண்டி அது. மண்ணிலும் சேற்றிலும் ஏறி இறங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதன் சொந்தக்காரருக்கும் இந்த இரைச்சல் பிடிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்று குறைப்படுகிறார். பட்டறைக்குப் போய் வண்டியின் தரையிலும் கதவுகளிலும் ஒலி தடுக்கும் விரிப்புகளை ஒட்டச் சொல்கிறார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொள்கிறார். இரைச்சல் குறைந்துவிட்டது என்று மகிழ்கிறார்.

உண்மையில் குறைந்ததா? வண்டிக்குள் குறைந்தது, வெளியே ஓர் இம்மியும் குறையவில்லை. சாலையோரத்துப் பள்ளியின் வகுப்பறைக்கு அது முன்போலவே வந்து சேருகிறது. இது நோய்க்கு மருந்தல்ல; நோயாளியின் காதில் பஞ்சு அடைப்பது போன்றது என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

சக்கரம் பாடுவது எப்படி?

சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி ஓட்டி விளையாடியிருப்பீர்கள். மெதுவாக ஓட்டினால் 'டக் டக்' என்று தனித்தனியாகக் கேட்கும். வேகமாக ஓட்டினால் எல்லாம் சேர்ந்து 'டர்ர்' என்ற ஒரே ஒலியாகிவிடும். வேகம் கூடக் கூடச் சுருதியும் ஏறும். பட்டன் டயர் செய்வதும் இதே வேலைதான். ஒவ்வொரு பட்டனும் சாலையில் மோதும்போது ஒரு சிறு தட்டு. இந்தத் தட்டுகள் விநாடிக்கு எத்தனை என்பதுதான் அந்த ஊளையின் அதிர்வெண்.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? டயரின் சுற்றளவு 2.4 மீட்டர் என்றும், அதைச் சுற்றி ஒரு வரிசையில் 36 பட்டன்கள் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. 20-ஐ 2.4-ஆல் வகுத்தால், சக்கரம் விநாடிக்கு 8.33 முறை சுற்றுகிறது. இதை 36-ஆல் பெருக்கினால் 300. ஆகவே டயர் 300 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பாடுகிறது. நம் காதுக்கு மிக நன்றாகக் கேட்கக்கூடிய சுருதி அது.

பட்டன்கள் எல்லாம் ஒரே இடைவெளியில் இருந்தால் ஒலி முழுவதும் ஒரே சுருதியில் குவிந்து, தலைவலி தரும் ஊளையாகிறது. ஆகவே டயரை வடிவமைக்கும் பொறியியலாளர்கள் பட்டன்களின் நீளத்தைச் சற்றே மாற்றி மாற்றி அமைக்கிறார்கள். அப்போது ஒலி பல அதிர்வெண்களில் சிதறி, ஊளை போய் வெறும் 'உஸ்' என்ற இரைச்சலாகத் தணிகிறது. உங்கள் வீட்டுக் காரின் டயரை உற்றுப் பாருங்கள். பட்டன்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று அளவுகோலால் அளந்து பாருங்கள்.

இன்னொரு வழியிலும் ஒலி பிறக்கிறது. இரு உள்ளங்கைகளையும் குழித்துக்கொண்டு கைதட்டினால் 'டப்' என்ற கனத்த ஓசை வருகிறதல்லவா? இடையில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுவதும் அந்த ஓசைக்கு ஒரு காரணம். டயரின் பள்ளங்களில் சிக்கும் காற்றும் சாலையில் நசுங்கி இவ்வாறே பீறிட்டு வெளியேறுகிறது. பட்டன் சாலையை விட்டு மேலெழும்போது காற்று மீண்டும் உள்ளே பாய்கிறது. போதாதற்கு, வளைந்த டயரும் தட்டையான சாலையும் சேருமிடம், நாதசுரத்தின் அகன்ற வாய்போல விரிந்திருக்கிறது. அங்கே பிறக்கும் ஒலியை அது பெருக்கி வெளியே அனுப்புகிறது.

சாதாரணக் காரில் மணிக்கு 40, 50 கிலோமீட்டருக்கு மேல் போனாலே எஞ்சின் ஒலியைவிட டயர் ஒலி மேலோங்கிவிடும். வேகம் இருமடங்கானால் டயர் ஒலி 9 முதல் 12 டெசிபல் வரை உயரும். 10 டெசிபல் உயர்வு என்பது நம் செவிக்கு ஏறத்தாழ இருமடங்கு இரைச்சலாகத் தோன்றும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இதனால் இன்னோர் உண்மையும் விளங்குகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இன்று மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. மின்சார வண்டிகள் பெருகினால் ஊர்த் தெருக்கள் அமைதியாகும், மகிழ்ச்சிதான். ஆனால் நெடுஞ்சாலை அதனால் மட்டும் அமைதியாகிவிடாது. எஞ்சின் வாயை மூடினாலும் டயர் வாயை மூடாதே!

காட்டு டயருக்கு நெடுஞ்சாலையில் என்ன வேலை?

ஜீப் வகை வண்டிகளுக்கான டயர்கள் பெரும்பாலும் மூன்று வகை. நெடுஞ்சாலைக்கானவை எச்.டி.; சேற்றுக்கானவை எம்.டி.; இரண்டுக்கும் நடுவானவை ஏ.டி. பல டயர்களின் பக்கவாட்டில் இந்த எழுத்துகளைக் காணலாம். எம்.டி. டயரில் பட்டன்கள் பெரியவை, பள்ளங்கள் அகலமானவை. சேற்றைக் கவ்விப் பிடிக்கவும், ஒட்டிய சேற்றை உதறவும் அவ்வமைப்பு வேண்டும். இரைச்சலுக்கும் அதே அமைப்புதான் காரணம்.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் பெட்டமுகிலாளம், அஞ்செட்டிப் பக்கத்து மலைவழிகளில் மழைக்காலத்தில் போகவேண்டிய வண்டிக்கு இத்தகைய டயர் தேவைப்படலாம். நோயாளியை ஏற்றிவரும் வண்டியையும், காட்டுக்குள் ரோந்து போகும் வண்டியையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் தார்ச்சாலையிலேயே ஓடி, எப்போதாவது ஒருமுறை மண்ணில் இறங்கும் வண்டிக்கு எம்.டி. டயர் எதற்கு? கம்பீரத்துக்கு என்பார்கள். அந்தக் கம்பீரத்துக்கு விலை உண்டு. ஈரமான தார்ச்சாலையில் இவ்வகை டயரின் பிடிப்பு பெரும்பாலும் நெடுஞ்சாலை டயரைவிடக் குறைவு. எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். இரைச்சலோ வழியில் உள்ள எல்லோர் தலையிலும் விழுகிறது.

தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. பெரிய பட்டனின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரே சீராகத் தேய்வதில்லை. நாளடைவில் ரம்பப் பல் போலாகிவிடும். வண்டி நிற்கும்போது, டயர் சூடு ஆறியபின், பெரியவர்கள் துணையோடு டயரின் மேல் உள்ளங்கையை ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் மெல்லத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால் ரம்பத் தேய்மானம் வந்துவிட்டதென்று பொருள். குறித்த காலத்தில் டயர்களை இடம் மாற்றிப் பூட்டுவதும், வீல் அலைன்மெண்ட் பார்ப்பதும், வண்டி நிறுவனம் குறித்துள்ள அளவுக்குக் காற்று வைப்பதும் இதைத் தள்ளிப் போடும். நான்கு சக்கர இயக்க வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவில் இருப்பது இன்னும் முக்கியம். இல்லாவிட்டால் விசையைப் பிரித்தனுப்பும் பல்சக்கரங்களும் சேர்ந்து கெடும்.

ஒரு குறிப்பு: எல்லா ஊளையும் டயருடையதல்ல. சாலையின் மேற்பரப்பு மாறியவுடன் ஒலியும் மாறினால் அது டயர். சாலை எதுவானாலும் மாறாமல், வளைவில் திரும்பும்போது மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அதை உடனே பட்டறையில் காட்ட வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

பிறக்குமிடத்தில் அடக்குவதே முறை

இரைச்சலை மூன்று இடங்களில் தடுக்கலாம்: பிறக்கும் இடம், வரும் வழி, கேட்கும் செவி. முதல் இடத்தில் தடுத்தால் எல்லோருக்கும் பயன். கடைசி இடத்தில் தடுத்தால் பணம் கொடுத்தவருக்கு மட்டும் பயன். ஜீப்புக்குள் விரிப்பு ஒட்டுவது கடைசி வகை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நியூயார்க் நகரில் ஒரு சான்று உண்டு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டி உயர்மட்ட ரயில் பாதை ஓடியது. பாதையின் பக்கம் இருந்த வகுப்பறைப் பிள்ளைகளையும், மறுபக்க அறைகளின் பிள்ளைகளையும் ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் ஒப்பிட்டுப் பார்த்து 1975-இல் முடிவுகளை வெளியிட்டார். இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்புத் திறனில் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்புக்கு வரும்போது ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தைகள் வைத்தார்கள்; வகுப்பறைகளுக்கு ஒலியை உறிஞ்சும் கூரைத் தகடுகள் பொருத்தினார்கள். 1981-இல் வெளியான அடுத்த ஆய்வில் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. அறிவில் குறைந்த பிள்ளைகள் அல்லர் அவர்கள். ஆசிரியர் சொன்னது காதில் விழாத பிள்ளைகள்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், பள்ளிகளைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழி செய்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. டயர்களுக்கும் விதி வந்திருக்கிறது. மத்திய அரசு 2022-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, கார், பேருந்து, லாரி டயர்கள் உருளும்போது எழும் ஒலிக்கும், ஈரச் சாலையில் அவற்றின் பிடிப்புக்கும் அளவு வகுத்தது. ஒலியையும் பிடிப்பையும் சேர்த்தே வைத்தது நல்ல யோசனை. ஒலியைக் குறைக்கிறேன் என்று பிடிப்பைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? இதற்கு முன்மாதிரியான ஐ.நா. விதி எண் 117-இன்படி, கார் டயரைச் சோதிக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை உருளவிட்டு, 7.5 மீட்டர் தள்ளி வைத்த ஒலிவாங்கியால் அளக்கிறார்கள்.

விதி வந்துவிட்டதே, இனி நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? கூடாது. சோதிக்கப்படுவது புத்தம் புது டயர். ஓடுவது தேய்ந்த டயர். சோதனைத் தளம் சீரானது. நம் சாலை அப்படியல்ல. மேலும், தொழில்முறையில் கரடுமுரடான நிலத்துக்கென்றே செய்த டயர்களுக்கு ஐ.நா. விதியே ஒலி வரம்பிலிருந்து விலக்குத் தருகிறது. விலக்குப் பெற்ற டயரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவருவது நாம்தான்.

ஐரோப்பாவில் 2012 முதல் டயருக்கான தகவல் சீட்டில் எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிப்பு ஆகியவற்றோடு ஒலி அளவும் இடம் பெறுகிறது. நம் ஊர்க் கடையில் டயர் வாங்குகிறவர் விலையைக் கேட்கிறார், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறார். எவ்வளவு சத்தம் போடும் என்றும் கேட்க வேண்டும். வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் சொல்வார். விற்கிறவர் கேட்டால்தான் செய்கிறவர் கவனிப்பார்.

வேகத்தைக் குறைப்பது இன்னும் எளிய மருந்து; காசு செலவில்லை. பள்ளி அருகே 80-லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்தால் டயர் ஒலி ஏறத்தாழ 4 டெசிபல் இறங்கும். 3 டெசிபல் இறங்கினாலே ஒலி ஆற்றல் பாதியாகிவிடும். சாலைகளையும் ஒலி குறைய அமைக்கலாம். நெதர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் நுண்துளைகள் உள்ள தார்த்தளம் பரவலாக இருக்கிறது. சிக்கிய காற்று துளைகளுக்குள் போய்விடுவதால் இரைச்சல் குறைகிறது. தூசி அடைத்துக்கொள்ளாமல் பராமரிக்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிரமம்.

நண்பர்களே, ஓசூரில் 1970-களில் தொழிற்பேட்டை எழுந்தது முதல் அப்பகுதி வண்டிகள் செய்யும் ஊராக வளர்ந்திருக்கிறது. உங்களில் சிலர் நாளை அங்கே வண்டிகளையும் அவற்றின் உறுப்புகளையும் வடிவமைக்கப் போகிறவர்கள். அப்போது வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரின் காதை மட்டும் எண்ணிப் பார்க்காதீர்கள். சாலையோர வகுப்பறையின் கடைசி வரிசையில் இருக்கும் மாணவியின் காதையும் எண்ணிப் பாருங்கள். அதுவரை உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் புது டயர் வாங்கும் பேச்சு வரும்போது, "நம் வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை சொன்னாலே பாதி இரைச்சல் பிறக்காமலே போய்விடும்.