டொமைன் யார் பெயரில்?

சிறு தொழில் செய்பவர்கள் வெப் டிசைனரைப் பார்த்ததும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" அடுத்தது "எத்தனை நாளில் முடியும்?" என்னைக் கேட்டால், இரண்டுக்கும் முன்பு கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "டொமைன் யார் பெயரில் பதிவாகும்?"

சென்னிமலையில் ஒருவர் போர்வைக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிசைனரே டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலைக் கொடுத்து வாங்கிவிடுகிறார். டாட் காம் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் கணக்கில், பதிவேட்டில் பெயர் இருப்பவருக்குத்தான் உரிமை. பணம் கொடுத்தவருக்கு அல்ல. நாளை இருவருக்கும் மனஸ்தாபம் வந்தாலோ, டிசைனர் புதுப்பிக்க மறந்தாலோ, விசிட்டிங் கார்டிலும் கட்டைப்பையிலும் அச்சடித்த முகவரி கடைக்காரர் கையில் இருக்காது. வீடு கட்டிய மேஸ்திரி பெயரிலா பத்திரம் எழுதுகிறோம்?

அடுத்து, தளம் எதில் கட்டப்படுகிறது என்று கேளுங்கள். ஒரு காலத்தில் ஃபிளாஷில் ஆடிப் பாடும் தளம்தான் பெருமை. 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. அதன்பின் அந்தத் தளங்கள் பிரவுசரில் வேலை செய்யவில்லை. 2003-ல் வந்த வேர்ட்பிரஸ் போன்ற, பலருக்கும் தெரிந்த இலவச மென்பொருளில் செய்தால், இவர் போனாலும் இன்னொருவர் வந்து தொடரலாம்.

அவர் முன்பு செய்த தளங்களை உங்கள் செல்போனில் திறந்து பாருங்கள். கடையின் போன் நம்பர் உடனே கண்ணில் படுகிறதா? படம் வருவதற்குள் பொறுமை போகிறதா? வாடிக்கையாளரும் அதே செல்போனில்தான் பார்க்கப்போகிறார்.

பாஸ்வேர்டுகளை எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவர் எவ்வளவு மலிவாகச் செய்தாலும் வேண்டாம் என்பேன். தான் இல்லாமலும் உங்கள் தளம் நடக்கும்படி செய்து கொடுப்பவரே நல்ல டிசைனர்.