டெண்டர் இல்லாத என்ஜினா?

தம்மம்பட்டிக்கு ரெயில் கிடையாது. ரெயில் ஏற வேண்டும் என்றால் ஆத்தூருக்குப் போக வேண்டும். ஆனாலும் ரெயில் என்ஜினைப் பற்றிப் பேசுவதற்குத் தம்மம்பட்டி மிகவும் பொருத்தமான ஊர். ஏன் என்றால், நாம் பேசப்போவது இரும்பு என்ஜினைப் பற்றி அல்ல. மரத்தில் செய்யும் மாதிரி என்ஜினைப் பற்றி!

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே இருக்கிறது தம்மம்பட்டி. மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். வாகை மரத்திலும் தூங்குமூஞ்சி மரத்திலும் பிள்ளையாரும் முருகனும் நடராஜரும் அங்கே உருவாகிறார்கள். தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வேறு ஊர்ச் சரக்கை இந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கக்கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது.

இப்படிப்பட்ட கைகள் இருக்கும்போது, கடைத்தெருவில் விற்கும் ரெயில் பொம்மைகளைப் பாருங்கள். எல்லாச் சக்கரமும் ஒரே அளவு. புகைபோக்கி நடுமுதுகில் நிற்கிறது. டிரைவர் நிற்கும் அறைக்குப் பின்னால் நேராகப் பயணிகள் பெட்டி! கரி எங்கே? தண்ணீர் எங்கே? அந்த என்ஜின் எதைத் தின்று, எதைக் குடித்து ஓடும்?

"பொம்மைதானே, இதற்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்பார்கள். இரண்டு வயதுக் குழந்தை கயிறு கட்டி இழுக்கும் வண்டிக்கு எதுவும் வேண்டாம். சக்கரம் உருண்டால் போதும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் மாதிரி வேறு. பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்குப் போகும் மாதிரி வேறு. ரெயில்வேயில் இருந்து ஓய்வு பெறுகிறவருக்குக் கொடுக்கும் மாதிரியும் வேறு. "இதுதான் நீராவி என்ஜின்" என்று அவை சொல்கின்றன. சொல்வது பொய்யாக இருக்கலாமா?

நீராவி என்ஜின் இன்று கண்முன் ஓடினால், பொம்மையில் உள்ள தவறு பெரிதல்ல. ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துப் பையன் தானே திருத்திக்கொள்வான். அந்தக் காலம் போய்விட்டது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972ஆம் ஆண்டோடு நீராவி என்ஜின் கட்டுவதை நிறுத்திவிட்டது. அகலப் பாதையில் அன்றாட ஓட்டம் 1995ஆம் ஆண்டு முடிந்தது. இன்று பத்து வயதுப் பையனுக்கு மட்டுமல்ல, அவனுடைய அப்பாவுக்கே நீராவி என்ஜின் கேள்விப்பட்ட பொருளாகிவிட்டது. இனி மாதிரிதான் சாட்சி.

டெண்டர் என்றால் என்ன?

சர்க்கார் ஆபீசில் காண்ட்ராக்டுக்குப் போடும் டெண்டர் அல்ல இது. என்ஜினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வண்டிக்கு டெண்டர் என்று பெயர். கரியையும் தண்ணீரையும் சுமப்பது இதுதான்.

பார்ப்பவர் கண்ணுக்கு மேலே குவிந்திருக்கும் கரிதான் தெரியும். அதனால் டெண்டர் என்றால் கரிவண்டி என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதில் பெரும் பாரம் தண்ணீர்! ஒரு கிலோ கரி எரிந்தால் ஏறக்குறைய ஆறேழு கிலோ தண்ணீர் ஆவியாகிறது. அந்த ஆவி பிஸ்டனைத் தள்ளிவிட்டுப் புகைபோக்கி வழியாகப் போய்விடும். திரும்பி வராது. ஆகவே கரியைவிடத் தண்ணீர்தான் சீக்கிரம் தீரும். வழியில் தண்ணீர் பிடிக்க என்ஜின் நின்றதற்கு இதுவே காரணம்.

இது தெரிந்த சிற்பி டெண்டரை வெறும் பெட்டியாகக் குடைய மாட்டார். கரிக்குழியின் அடித்தளத்தைச் சரிவாக வைப்பார். பின்பக்கம் உயரம், முன்பக்கம் தாழ்வு. வண்டி குலுங்கக் குலுங்கக் கரி தானாகவே பயர்மேன் பக்கம் சரிந்து வர வேண்டும் அல்லவா? அந்தச் சரிவுக்கு அடியிலும் இரண்டு பக்கங்களிலும் தண்ணீர்த் தொட்டி. பின்கோடியில் மேலே மூடி போட்ட ஒரு வாய். தண்ணீர்க் குழாயை அதற்குள்தான் விடுவார்கள். அந்த வாய் இல்லாத டெண்டர், மூக்குத்துவாரம் இல்லாத முகம் மாதிரி.

என்ஜினும் டெண்டரும் சேரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டும் தனித்தனி வண்டிகள். வளைவில் இரண்டும் வேறு வேறு பக்கம் திரும்பும். ஆனால் நடுவில் உள்ள சந்து மிகக் குறுகியது. பயர்மேன் கரியை அள்ளித் திரும்பி நெருப்பில் போடும் இடம் அது. கால் சந்துக்குள் போகாமல் இருக்க மேலே ஓர் இரும்புப் பலகை உண்டு. ஒரு பக்கம் கீலில் மாட்டியிருக்கும். மறுபக்கம் சும்மா படுத்திருக்கும். பல மாதிரிகளில் இந்தச் சந்து கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இருக்கிறது. அந்த அளவைப் பெருக்கிப் பார்த்தால், பயர்மேன் ஒவ்வொரு முறையும் கரியோடு தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும்!

சக்கரத்தில் இருக்கிறது கணக்கு

சேலம் ஜில்லாக்காரர்களுக்கு ஒரு பாக்கியம். இரண்டு விதப் பாதையும் அவர்களுக்குத் தெரியும். சேலம் ஜங்ஷனில் சென்னைக்கும் ஈரோட்டுக்கும் போவது அகலப் பாதை. ஆத்தூர் வழியாக விருத்தாசலம் போகும் பாதை முன்பு மீட்டர் பாதை. இப்போது அதுவும் அகலமாகிவிட்டது.

அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே 66 அங்குலம். அந்தப் பாதையில் பயணிகள் வண்டி இழுத்த பெயர்பெற்ற என்ஜின் டபிள்யூ.பி. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியில் இருந்து முதல் என்ஜின்கள் வந்தன. துப்பாக்கிக் குண்டு மாதிரி முன்பக்கம் கூம்பியிருக்கும். அதன் பெரிய சக்கரத்தின் குறுக்களவு 67 அங்குலம். பாதையின் அகலமும் சக்கரத்தின் உயரமும் ஒரே ஓர் அங்குலம்தான் வித்தியாசம்!

மாதிரியைச் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. பெரிய சக்கரத்தின் உயரத்தை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். அதே நூலைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வையுங்கள். ஏறக்குறையச் சரியாக இருந்தால் சிற்பி டபிள்யூ.பி.யை அளந்து செய்திருக்கிறார்.

மீட்டர் பாதையின் ஒய்.பி. என்ஜினுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே தண்டவாள இடைவெளி 39 அங்குலத்துக்குச் சற்று அதிகம். பெரிய சக்கரமோ 54 அங்குலம். ஆகவே டபிள்யூ.பி.யின் படத்தைச் சுருக்கினால் ஒய்.பி. வந்துவிடாது. தம்பி, அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரிதான் இருக்கும்.

சக்கரங்களை எண்ணினால் மட்டும் போதாது. டபிள்யூ.பி.க்கு முன்னால் சிறிய சக்கரம் நான்கு, நடுவில் பெரியது ஆறு, பின்னால் சிறியது இரண்டு. ஆக 12. சரக்கு வண்டி இழுத்த டபிள்யூ.ஜி.க்கு முன்னால் இரண்டு, நடுவில் எட்டு, பின்னால் இரண்டு. அதுவும் 12. இரண்டின் டெண்டருக்கும் எட்டு எட்டு. மொத்தம் 20, 20. எண்ணிக்கை ஒன்று. வரிசை வேறு. வேகமாக ஓடப் பெரிய சக்கரம் வேண்டும். பாரம் இழுக்கத் தண்டவாளத்தைப் பற்றும் சக்கரங்கள் அதிகம் வேண்டும். அதுதான் சங்கதி.

இன்னொன்று. பெரிய சக்கரங்களைச் சேர்க்கும் நீண்ட தண்டு, இடப்பக்கம் மேலே இருக்கும்போது வலப்பக்கம் எங்கே இருக்க வேண்டும்? பெரும்பாலான மாதிரிகளில் அதுவும் மேலேயே இருக்கிறது. தவறு! கால் சுற்றுத் தள்ளி இருக்க வேண்டும். சைக்கிள் மிதிப்பவருக்கு இது புரியும். மிதிகட்டை நேர் உச்சியில் இருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் நகராது. என்ஜினில் பிஸ்டன் ஒரு கோடியில் நிற்கும்போதும் அதே கதைதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அப்படி நின்றுவிட்டால் என்ஜின் புறப்படாது. ஒரு பக்கம் செத்த இடத்தில் இருக்கும்போது மறுபக்கம் தள்ள வேண்டும். அதற்காகத்தான் கால் சுற்று வித்தியாசம்.

கால் மாறி ஆடினால்?

"எல்லா நீராவி என்ஜினுக்கும் டெண்டர் உண்டு" என்று முடிவு கட்டிவிடக்கூடாது. 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த 'பேரி குயின்' என்ஜினுக்கு டெண்டர் இல்லை. தண்ணீர்த் தொட்டி வயிற்றுக்கு அடியிலேயே இருக்கிறது. அதன் ஜோடியான 'எக்ஸ்பிரஸ்' என்ஜினுக்குச் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனையில் 2010ஆம் ஆண்டு மறுபடி உயிர் கொடுத்தார்கள். அதற்கும் அப்படியே.

நம் ஊட்டி மலை ரெயிலையே பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஏறும் என்ஜினுக்கு டெண்டர் கிடையாது. தண்ணீரைத் தன் பக்கங்களிலேயே சுமக்கிறது. அது பெட்டிகளை இழுப்பதும் இல்லை. கீழே இருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. பற்சக்கரத்துக்கு என்று தனி சிலிண்டர் உண்டு. ஆகவே ஒரு பக்கத்தில் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் தெரியும். கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்கும்படி மாற்றிய என்ஜின்களும் அதில் உண்டு. அந்த என்ஜினின் மாதிரியில் கரியைக் குவித்து வைத்தால், தெரிந்தவர் சிரிப்பார். இந்த என்ஜின்களைப் பழைய வடிவத்திலேயே புதிதாகக் கட்டிய பணிமனை திருச்சி பொன்மலையில்தான் இருக்கிறது.

தம்மம்பட்டிச் சிற்பிக்கு இது புதுப் பாடம் அல்ல. நடராஜர் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்குவார். மாற்றிச் செதுக்கினால் பிழை. ஆனால் மதுரை வெள்ளியம்பலத்தில் வலக்காலைத் தூக்கியே ஆடுகிறார். அது பிழை அல்ல. பாண்டியனுக்காகக் கால் மாறி ஆடிய கதை அதற்கு இருக்கிறது. எது பிழை, எது விலக்கு என்று கதை தெரிந்தவருக்குத்தான் தெரியும். என்ஜினுக்கும் அப்படித்தான்.

அளவும் புதிதல்ல. சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளம் ஒரு தாளம். தாளத்துக்கு 12 அங்குலம். தசதாளச் சிலை என்றால் அந்த முகத்தைப்போல் பத்து மடங்கு உயரம். சிலை ஒரு சாண் ஆனாலும் ஓர் ஆள் உயரம் ஆனாலும் கணக்கு மாறாது. மாதிரி என்ஜினுக்கும் ஒரு தாளம் வைத்துக்கொள்ளலாம். இருபதில் ஒரு பங்கு என்றால், எல்லாமே இருபதில் ஒரு பங்கு.

எல்லாமே என்றால் தடிமனும் சேர்த்துத்தான். டெண்டரின் பக்கச் சுவர் மெல்லிய இரும்புத் தகடு. மரத்தில் அந்த அளவுக்கு இழைத்தால் முறிந்துவிடும். என்ன செய்வது? சுவரைக் கனமாகவே விட்டு, மேல் விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சரித்துச் சீவலாம். கண் விளிம்பைத்தான் பார்க்கும். பழைய டெண்டர்களில் வரிசை வரிசையாக ரிவெட்டுத் தலைகள் இருக்கும். பூ வேலையில் பழகிய உளிக்கு இந்த இடம் சபலம். கடுகளவு இருக்க வேண்டியதைச் சுண்டைக்காய் அளவுக்குச் செதுக்கிவிடும்! பற்றவைத்துச் செய்த பிந்திய டெண்டர்களில் ரிவெட்டே தெரியாது. அங்கே வழவழப்புத்தான் உண்மை.

இத்தனையும் சிற்பியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் அல்ல. சக்கரங்களைத் தனித்தனியாகக் கடைந்து, தண்டு மாட்டி, டெண்டரைக் குடைய நாள் பிடிக்கும். ஒரே கட்டையில் செதுக்கிய பொம்மையின் விலைக்கு இதைக் கேட்கக்கூடாது. நாளுக்கு ஏற்ற கூலி கொடுக்க வேண்டும். "ஒரு ரெயில் என்ஜின் செய்து கொடுங்கள்" என்று மொட்டையாகவும் சொல்லக்கூடாது. எந்த என்ஜின், எந்தப் பாதை என்று சொல்ல வேண்டும். பக்கவாட்டுப் படம், முன்பக்கப் படம், மேலே இருந்து எடுத்த டெண்டர் படம், மூன்றும் கொடுக்க வேண்டும். மூன்றாவது படம்தான் லேசில் கிடைக்காது.

இங்கேதான் ரெயில்வே உதவ வேண்டும். சென்னையில் ஐ.சி.எப். பக்கத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. திருச்சியிலும் இருக்கிறது. அங்கே நிற்கும் என்ஜின்களின் அளவுப் படங்களை அச்சிட்டு, ஒரு மசால் தோசை விலைக்கு விற்றால் என்ன? அதே கடையில் தம்மம்பட்டி மாதிரிகளையும் வைத்தால் வாங்க ஆள் வராதா? பூம்புகார் விற்பனை நிலையமும் இதை யோசிக்கலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். 1995ஆம் ஆண்டு முப்பது வயதில் கரி அள்ளிய பயர்மேனுக்கு இன்று அறுபது வயதாகிவிட்டது. சேலத்திலும் ஈரோட்டிலும் ஜோலார்பேட்டையிலும் அப்படிப்பட்ட பெரியவர்கள் இருக்கும் குடும்பங்கள் உண்டு. உங்கள் வீட்டுத் தாத்தா அவர்களில் ஒருவரானால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். கரிவாரி எங்கே சாத்தியிருக்கும்? குடிதண்ணீர்க் கூஜா எங்கே தொங்கும்? டெண்டர் மேல் ஏற எந்தப் பக்கம் படி? கரி தீரும் சமயத்தில் உள்ளே இறங்கித் தள்ளிவிட்டது யார்? எந்த அளவுப் படத்திலும் இதெல்லாம் இருக்காது.