ஏரியின் பணப்பெட்டிச் சாவி யாரிடம்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை நம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். அத்தனையும் கடலுக்குப் போயிற்று. வெள்ளம் வடிந்ததும் நாம் மறுபடி போர்வெல் ஆழத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். பெருகி வரும் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேல் ஏரிகள் உண்டு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. ஆக, எல்லா ஏரிக்கும் ஓர் அலுவலகம் இருக்கிறது. ஏரித் தண்ணீரில் நெல் விளைவிக்கிறவனுக்குத்தான் அதில் இடம் இல்லை.

பழைய நாளில் ஏரி வேலை குடிமராமத்து. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருவார். நீர்க்கட்டிக்குக் களத்தில் நெல் அளப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பழக்கம் தளர்ந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டும் அது நிமிரவில்லை. தங்கள் காரியம் என்று செய்து வந்ததைச் சர்க்கார் உத்தரவு என்றதும் ஜனங்கள் கைவிட்டார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் புதுவையில் அந்தக் காலத்தில் வழங்கிய இரண்டு பெயர்கள் எனக்கு எப்போதும் நினைவில் உண்டு. ஒன்று ‘சிந்திகா அக்ரிக்கோல்’, அதாவது விவசாயிகள் சங்கம். மற்றது ‘கேஸ் கொம்யூன்’. ‘கேஸ்’ என்றால் பணப்பெட்டி. ஆக, பொதுப் பெட்டி. பிரான்சில் 1865-லேயே நிலத்துக்காரர்கள் வாய்க்கால், வடிகால் வேலைகளுக்காகச் சேர்ந்து சங்கம் அமைக்கச் சட்டம் வந்தது. புதுவையிலும் நிலம் வைத்திருப்பவர்கள் குழு அமைத்து, பணம் போட்டு, மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டார்கள். நம் பெண்ணையாற்றுத் தண்ணீரே சொர்ணாவூரிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குப் போகிறது. அந்த ஆட்சியைப் புகழ்வது என் நோக்கமன்று. பெட்டி ஊரிலேயே இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இணைப்புக்குப் பிறகு அந்தச் சங்கங்கள் மங்கின. 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுவையில் 84 ஏரிகளைச் சீரமைக்கத் தொடங்கியபோது, ஏரிதோறும் சங்கம் அமைக்கும் பழைய வழிக்கே திரும்பினார்கள்.

நம் பக்கமும் முயற்சி இல்லாமல் இல்லை. விவசாயிகளே பாசனத்தை நிர்வகிக்க 2000-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தலும் நடந்தது. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்து மறுபடி தொடங்கியது. 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணி முடிந்த மறு வருஷம் கலங்கலில் விரிசல் கண்டால் சிமெண்டு வாங்கச் சங்கத்தின் கையில் என்ன இருக்கிறது? மறுபடி ஒரு மனு, ஒரு மதிப்பீடு, ஒரு திட்டம். அதற்குள் அடுத்த வெள்ளம் வந்துவிடும்.

கோப்புகளோடு வாழ்ந்த குமாஸ்தா என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான். ஏரியின் மீன் குத்தகையும், கருவேல மர ஏலப் பணமும் அந்த ஏரியின் சங்கக் கணக்கிலேயே சேரட்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆயக்கட்டுக்காரர்களும் போடட்டும். நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் குழுவில் இடம் இருக்கட்டும். மாடு கழுவுவதும் மீன் பிடிப்பதும் அவர்கள்தானே. வரவு செலவைப் பசலிதோறும் கோயில் வாசலில் எழுதி ஒட்டட்டும். தணிக்கை செய்வதும் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் சர்க்கார் வேலை. சிறு பழுதுகளுக்கு ஊரே போதும்.

“சங்கம் வைத்தால் ஊர்ப் பெரிய மனிதன் சுருட்டிவிடுவான்” என்பார்கள். சுருட்டலாம். ஆனால் ஊர்ப் பெட்டியில் கை வைத்தவனை ஊர் கேட்கும். தொலைவில் கிடக்கும் கோப்பை யார் போய்க் கேட்பது?

நம் ஊர் சடையப்ப வள்ளலுக்குப் பேர் போனது. ஆனாலும் ஏரிக்கு வள்ளலைத் தேட வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு கணக்கு நோட்டு, வருஷத்துக்கு ஒரு கூட்டம் போதும். நம்மைப் போல் ஓய்வு பெற்றவர்கள் கணக்கு எழுதிக் கொடுக்கலாம். அதற்கு நான் தயார்.