வீட்டுக்கு வந்த பள்ளிக்கூடம்

சென்ற வாரம் ஒரு நாள் மாலை, திருவண்ணாமலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே போய்க்கொண்டிருந்தேன். அங்கே பூ விற்கும் அம்மாள் ஒருத்தி என்னை நிறுத்தினாள். நான் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில்தான் அவளுடைய இளைய மகன் படிக்கிறான்.

"ஸார்! கொரோனா சமயத்தில் மூத்தவளுக்கு என்ன பாடம் நடக்கிறதென்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது சின்னவனுக்கு என்ன நடக்கிறதென்று ஒன்றுமே தெரியவில்லையே!" என்றாள்.

"பையன் நன்றாகத்தான் படிக்கிறான், அம்மா" என்று வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவள் சொன்ன வார்த்தை என்னை விட்டபாடில்லை.

நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 மார்ச்சு மாதத்தில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஏறக்குறைய பத்தொன்பதரை மாதம்! இடையில் பாடம் கைப்பேசியின் வழியாகவும், 2019-இலேயே ஆரம்பமாகியிருந்த கல்வித் தொலைக்காட்சியின் வழியாகவும் வீட்டுக்குள் வந்தது. உலகத்துக்கு இது முற்றிலும் புதிதன்று. 1937-ஆம் வருஷம் அமெரிக்காவில் சிக்காகோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ரேடியோ மூலம் பாடம் நடத்தினார்கள். பாட அட்டவணையைத் தினசரிப் பத்திரிகைகள் அச்சிட்டு உதவின. ஆனால் அது சில வாரங்களோடு முடிந்தது. நம்முடையதோ ஒன்றரை வருஷத்துக்கு மேல் நீண்டது.

பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது என்று சொல்வது சுலபம். வந்த விருந்தாளிக்கு இடம் கொடுத்தவர்கள் யார்? அந்தக் கதையைத்தான் நாம் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

அந்த அம்மாளின் மூத்த பெண் அப்போது ஏழாம் வகுப்பு. இரண்டு வாரம் திரையில் அவள் முகமே தென்படவில்லை. நானும் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டே வந்தேன். பிறகு தாயாரைப் போனில் கூப்பிட்டுச் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வீட்டில் இருப்பது ஒரே போன், ஸார். கிரிவலம் நின்றுபோனதால் ஆட்டோவுக்குச் சவாரி இல்லை. அவர் காய்கறி விற்கப் போகிறார். போன் அவரோடு போய்விடுகிறது. ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்பி வருகிறது."

எனக்கு நாக்கு எழவில்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நம்பிப் பிழைக்கும் ஊர் இது. பௌர்ணமிக் கூட்டம் நின்றால் எத்தனை வீட்டில் அடுப்பு நிற்கும் என்பதை இந்த ஊரிலேயே இருந்துகொண்டு நான் யோசிக்கவில்லை. எங்கள் ஜில்லாவின் ஜவ்வாது மலையில் ஸிக்னலே எட்டாத குக்கிராமங்களும் இருந்தன. அங்கே போன் இருந்தும் பயனில்லை.

அன்று முதல் இரவு எட்டு மணிக்குமேல் பாடத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினேன். சில நாளில் அவள் தன் கம்மலை அடகு வைத்து இன்னொரு போன் வாங்கிவிட்டாள். கோயில் திறந்து பூ வியாபாரம் கொஞ்சம் தலையெடுத்த பிறகும், பூக்கட்டிக்கொண்டே மகளின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்பாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்புதான்.

ஒரு நாள் நான் தனிவட்டிக் கணக்கு நடத்தினேன். மறுநாள் காலையில் அவளிடமிருந்து போன். "ஸார், தப்பாக நினைக்காதீர்கள். ரெண்டு வட்டி என்றால் ஐயாயிரம் ரூபாய்க்கு மாதம் நூறு ரூபாய்தானே? நீங்கள் ஆயிரம் என்று சொல்லிவிட்டீர்களே!" என்றாள். பார்த்தேன். அவசரத்தில் ஒரு பூஜ்யத்தைக் கூட்டிப் போட்டிருந்தேன். பட்டதாரி உபாத்தியாயரின் பிழையை அடகுச் சீட்டு திருத்தியது!

இப்படி எத்தனையோ தாய்மார்கள், தகப்பனார்கள், பாட்டிமார்கள் அந்நாளில் உதவி உபாத்தியாயர்களாக இருந்தார்கள். சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. பள்ளிகளைத் திறக்கலாமா என்று 2020 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் அரசாங்கம் பெற்றோரின் அபிப்பிராயத்தைக் கேட்டது. அது நல்ல காரியம். ஆனால் "இத்தனை நாளும் உங்கள் பிள்ளை எப்படிப் படித்தான்? எதில் தடுமாறினான்?" என்று நாங்கள் கேட்டோமா? பள்ளி திறந்து நடந்த முதல் கூட்டத்தில், "பிள்ளைகள் ஒன்றுமே படிக்கவில்லை, எல்லாம் மறந்துபோயிற்று" என்று நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசினோம். பின்வரிசையில் அந்த அம்மாள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கம்மல் அப்போதும் அடகுக் கடையில்தான் இருந்தது.

பிள்ளைகள் பின்தங்கியது உண்மை. அதைச் சரிக்கட்ட 2021 அக்டோபர் 27-ந் தேதி மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையில் தன்னார்வலர்கள் தெருக்களிலேயே பாடம் சொன்னார்கள். திண்ணைப் பள்ளிக்கூடம் கண்ட நாட்டுக்கு இது அந்நியமான வழியல்ல. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையைத்தான், சென்னை எழும்பூரில் வேலை பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தாமும் கையாண்டு, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நம் திண்ணையிலிருந்து சீமை பாடம் கற்றுக்கொண்டது. நாம் மாத்திரம் ஒன்றரை வருஷம் நம் திண்ணைகளில் நடந்ததைக் கதவு திறந்ததும் மறந்துவிடலாமா?

சட்டத்தில் குறைவில்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்கிறது. மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவது வேறு. "இந்த மாதம் இன்ன பாடம் நடக்கிறது, வீட்டில் இதைக் கேளுங்கள்" என்று சொல்வது வேறு. இரண்டாவதற்குப் பணம் வேண்டியதில்லை, உத்தரவும் வேண்டியதில்லை. உபாத்தியாயருக்கு மனம் வேண்டும்.

ஆகவே ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். மாதம் ஒரு நாள் மாலை, என் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் தெருவில் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து, அந்த மாதத்துப் பாடத்தைப் பெற்றோருக்குச் சொல்வது. அவர்கள் சொல்வதையும் கேட்பது. நேற்று பூக்கார அம்மாளிடம் இதைத் தெரிவித்தேன்.

"நல்லது, ஸார். நானும் வருகிறேன். பௌர்ணமியன்று மாத்திரம் வைத்துவிடாதீர்கள், அன்றைக்குத்தான் எனக்கு வியாபாரம்" என்றாள்.

பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறேன்.