முட்டை அட்டைக்கு அடங்குமா பேஸ்?

பாட்டு கேட்கும் அறைக்கு முட்டை அட்டை ஒட்டினால் போதும், மற்றதெல்லாம் வியாபாரம் என்கிறார் நண்பர். வியாபாரம் என்பதில் பாதி உண்மை. ஆனால் 60 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 5.7 மீட்டர், காகித அட்டைக்கு அது அடங்குமா? கீச்சொலி கொஞ்சம் மங்கும். மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் பேஸ் மட்டும் மூலையில் உருண்டுகொண்டே இருக்கும். (தீப்பொறி பட்டால் அட்டை என்ன ஆகும் என்பதையும் அவர் யோசிக்கட்டும்.)

அட்டைக்குப் பதில் பலகைகள் செய்யுங்கள்: மரச்சட்டத்தில் நாலு அங்குல ராக்வூல் (கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறையை உருக்கி இழுத்த பஞ்சு), மேலே காற்றுப் புகும் துணி, பின்னால் சற்று இடைவெளி. இவற்றை முதலில் மூலைகளில் நிறுத்துங்கள். பிறகு பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்தட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து அதில் ஸ்பீக்கர் தெரிகிற புள்ளியில் ஒரு பலகை. இதற்கும் கடைக்காரர் தேவையில்லை, ஒரு தச்சர் போதும். ராக்வூல் அரிக்கும்; முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.